டார்ட்டன் துணியும் மரபின் உண்மையும்

ஸ்காட்லாந்து வழிவந்தோர் வாழும் நாடுகளில், சிறப்பாக வட அமெரிக்காவில், பிரஸ்பிட்டேரியன் சபைகள் பலவற்றில் ஆண்டுக்கொருமுறை ஒரு தனி வழிபாடு நடைபெறுகின்றது. ஒவ்வொரு குலத்தாரும் தமக்குரிய டார்ட்டன் துணியை ஆலயத்திற்குக் கொணர, ஆயர் ஆசி கூறுவார். டார்ட்டன் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் மலைநாட்டு மக்கள் துணித்துண்டுகளை ஆடைக்குள் மறைத்துவந்து, ஆசி கூறும் வேளையில் அவற்றைத் தொட்டுக்கொண்டனர் என்பதே இவ்வழிபாட்டிற்குக் கூறப்படும் தோற்றக்கதை. இக்கதை வரலாற்றின்முன் நிற்குமா?

முதலில் துணியின் இயல்பை நோக்குவோம். டார்ட்டனில் பாவிலுள்ள வண்ணங்களின் வரிசையும் இழைகளின் எண்ணிக்கையுமே பெரும்பாலும் ஊடையிலும் வரும். ஒரே வண்ணங்கள் சந்திக்குமிடத்தில் தூய நிறமும், வேறு வண்ணங்கள் சந்திக்குமிடத்தில் கலப்பு நிறமும் தோன்றும். எனவே மூன்று வண்ண நூல்களிலிருந்து ஆறு நிறங்கள் பிறக்கின்றன. ஊடை இரண்டு இழைகளுக்கு மேலும் இரண்டு இழைகளுக்குக் கீழுமாகச் சென்று, வரிசைதோறும் ஓரிழை தள்ளி அமைவதால் சாய்கோடுகள் உண்டாகின்றன. ஆகவே ஒரு டார்ட்டனை அறிவது என்பது அதன் வண்ண வரிசையையும் நூற்கணக்கையும் அறிவதேயாகும்.

1703இல் வெளிவந்த தமது நூலில் மார்ட்டின் மார்ட்டின் என்பார், மேலைத் தீவுகளின் பெண்கள் ஒவ்வொரு வண்ணக்கோட்டின் இழை எண்ணிக்கையையும் ஒரு மரத்துண்டில் குறித்து வைத்திருந்தனர் என்கிறார். கட்டங்கள் இடத்திற்கு இடம் வேறுபட்டன என்றும், அவற்றைக் கொண்டு ஒருவரது ஊரை அறியலாம் என்றும் எழுதுகிறார். ஊரைப் பற்றிய இக்குறிப்பில் குலத்தைப் பற்றிய பேச்சில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கலோடன் போரில் ஸ்டூவர்ட் படை தோற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம் மலைநாட்டு உடையை ஆண்களுக்குத் தடை செய்தது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை; மறுமுறைக்கு ஏழாண்டு நாடுகடத்தல். பெண்கள் இத்தடைக்கு உட்படவில்லை. அரசப் படையினருக்கும் விலக்கு இருந்தது. நீலம், கறுப்பு, பச்சை கலந்த பிளாக் வாட்ச் டார்ட்டன் அவர்களாலேயே புகழ்பெற்றது. 1782இல் சட்டம் நீக்கப்பட்டது.

அதன் பின்னரே குலத்திற்கொரு டார்ட்டன் என்னும் எண்ணம் வேரூன்றியது. 1815இல் இலண்டன் மலைநாட்டுச் சங்கம் குலத்தலைவர்களிடம் அவரவர் டார்ட்டனைக் கேட்டபோது பலருக்குத் தம்முடையது எதுவெனத் தெரியவில்லை. பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலையில் எண்ணால் மட்டும் அறியப்பட்டிருந்த கட்டங்கள் சில, பின்னர் குலப்பெயர் பெற்றன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்ட்டர் ஸ்காட் அமைத்த வரவேற்பு இவ்வழக்கைப் பரப்பியது. 1842இல் சோபியஸ்கி ஸ்டூவர்ட் எனத் தம்மை அழைத்துக்கொண்ட சகோதரர் இருவர், பண்டைய ஏட்டுச்சுவடியிலிருந்து எடுத்ததாகக் கூறி ஒரு நூலை வெளியிட்டனர். அச்சுவடி போலியெனப் பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அதிலுள்ள கட்டங்கள் பல இன்றும் குலச்சின்னங்களாக வழங்குகின்றன.

நாம் தொடக்கத்தில் கண்ட வழிபாடோ இவற்றினும் இளையது. ஸ்காட்லாந்தில் 1902இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆயர் பீட்டர் மார்ஷல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், போரால் இன்னலுற்ற பிரித்தானிய மக்களுக்கு உதவும் நோக்குடன் வாஷிங்டனில் இதனைத் தொடங்கினார். மறைத்து வைத்த துணித்துண்டுகளின் கதைக்கு வரலாற்றுச் சான்று கிடையாது.

அப்படியாயின் இவ்வழிபாடு பொருளற்றதா? அன்று. தடையும் தண்டனையும் மெய். தாய்நாட்டை விட்டுப் பிரிந்தோரின் ஏக்கமும் மெய். தன் மக்களின் துன்பத்தைக் கண்டு ஓர் ஆயர் எழுப்பிய வேண்டுதல், வழிபாடொன்றின் தோற்றத்திற்குப் போதுமான பெருமையாகும். அதற்குப் புனைகதையின் துணை தேவையில்லை. பழைமை என்னும் பெயரால் மெய்யல்லாததைப் பிரசங்கபீடத்திலிருந்து கூறுவதே கேடு. பாவில் ஓரிழை தவறினால் அப்பிழை துணியின் நீளமெங்கும் தொடரும். அதனை அறிந்தே அத்தீவுப் பெண்கள் எண்ணிக்கையை மரத்தில் குறித்து வைத்தனர். சபையின் மரபைக் கையளிக்கும் நமக்கும் அக்கவனம் வேண்டும்.