20 நிமிடத்துக்குள் 40 நிமிட வேலை!

நம் குடலில் வாழும் இ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் போதும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிவதற்கு முன் தன் குரோமோசோம் முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். அதற்கோ சுமார் 40 நிமிடம் ஆகிறது. கணக்கு எங்கேயோ உதைக்கிறது அல்லவா?

முதலில் அந்தக் குரோமோசோமை யாராவது முழுதாகப் பார்க்க வேண்டியிருந்தது. 1963-ல் ஜான் கெய்ர்ன்ஸ் அதைச் செய்தார். பாக்டீரியாவுக்குக் கதிரியக்கத் தைமிடினை ஊட்டி, அதன் டி.என்.ஏ.வை அறுந்துவிடாமல் வெளியே எடுத்து, மேலே புகைப்பட எமல்ஷன் பூசி, சுமார் இரண்டு மாதம் இருட்டில் வைத்தார். கதிர் பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. புள்ளிகள் சேர்ந்து காட்டியது முனையே இல்லாத ஒரு வளையம்! சுற்றளவு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். பாக்டீரியாவின் நீளமோ அதில் 500-ல் ஒரு பங்குதான். நகலெடுப்பு பாதியில் இருந்த வளையங்கள் கிரேக்க எழுத்தான தீட்டாவைப் போலத் தெரிந்தன.

அழகான படம்தான், ஆனால் 20 நிமிடப் புதிருக்கு அதில் விடை இல்லை. விடையின் முதல் துப்பு 1964-ல் வேறொரு பாக்டீரியாவில் கிடைத்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் வேகமாக வளரும்போது, ஒரு நகல் முடியும் முன்பே அடுத்த நகல் தொடங்கிவிடுகிறது என்று யோஷிகாவா, ஓ'சல்லிவன், சுயோகா மூவரும் காட்டினார்கள்.

இ.கோலைக்கு இந்தக் கணக்கை முழுதாகப் போட்டவர்கள் ஹெல்ம்ஸ்டெட்டரும் கூப்பரும். அவர்கள் செய்த வேலை எளிமையானது, கெட்டிக்காரத்தனமானது. கதிரியக்கத் தைமிடினைச் சற்று நேரம் ஊட்டிய பாக்டீரியாக்களை ஒரு மெல்லிய வடிகட்டியில் ஒட்டவைத்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலிருந்து உணவுத் திரவத்தை ஓடவிட்டார்கள். தாய் ஒட்டியே இருக்கும். பிறக்கும் குட்டி மட்டும் திரவத்தோடு கீழே வந்துவிடும். 'பேபி மெஷின்' என்றே இதற்குச் செல்லப்பெயர்! எந்தக் குட்டியில் எவ்வளவு கதிரியக்கம் என்று வரிசையாக அளந்தால், தாய் எந்த வயதில் எவ்வளவு டி.என்.ஏ. செய்தது என்பது தெரிந்துவிடும்.

1968-ல் வந்த முடிவு இதுதான்: வேகமாக வளரும் செல்களில் நகலெடுக்க 40 நிமிடம், அது முடிந்து செல் பிரிய இன்னும் 20 நிமிடம். மொத்தம் 60. அப்படியானால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் பாக்டீரியாவில், இன்றைய பிரிவுக்கான நகலெடுப்பு அதன் பாட்டி பிறந்தபோதே தொடங்கியிருக்கிறது! பேத்தி பிறக்கும்போதே அவளுடைய குரோமோசோமில் அடுத்தடுத்த தலைமுறைக்கான நகல்களும் பாதியில் இருக்கின்றன.

கெய்ர்ன்ஸ் ஒரு விஷயத்தில் தவறியிருந்தார். நகலெடுப்பு ஒரே திசையில் போகிறது என்று அவர் நினைத்தார். அது ஒரே புள்ளியில் தொடங்கி இரு பக்கமும் ஓடுகிறது என்று 1970-களின் தொடக்கத்தில் தெரிந்தது. இ.கோலையின் வளையத்தில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். 40 நிமிடத்தில் முடிக்க, ஒவ்வொரு பக்கமும் வினாடிக்கு ஏறக்குறைய 1000 ஜோடிகளை நகலெடுக்க வேண்டும்.