‘இக்ரஃ’ என்னும் ஏவலும் ‘ஓது’ என்னும் தமிழும்

கி.பி. 610ஆம் ஆண்டு ரமளான் மாதத்து இரவொன்றில், மக்காவை அடுத்த ஹிரா குகையில் தனித்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் கொணர்ந்த முதற்சொல் ‘இக்ரஃ’ என்பதாகும். அரபு இலக்கணப்படி அஃது ஓர் ஏவல் வினை. எழுதினால் நான்கே எழுத்துகள். அந்நான்கு எழுத்துகளை உலகின் மொழிகள் எவ்வெவ்வாறு தம் நாவில் ஏற்றுக்கொண்டன? நம் முன்னோர் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தனர்? அச்சொல்லை நாம் இன்று எந்நிலையில் வைத்திருக்கிறோம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அச்சொல்லின் அருமையை உணர வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ள நபிமொழியில் இந்நிகழ்ச்சி விரிவாக வருகிறது. வானவர் மும்முறை ஏவுகிறார். ஒவ்வொரு முறையும் தாம் ஓதத் தெரிந்தவர் அல்லர் என்றே நபிகளார் மறுமொழி பகர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வானவர் அவர்களை இறுகத் தழுவி விடுவிக்கிறார். இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்று நூல்வழி வரும் அறிவிப்பிலோ, ‘எதை ஓதுவேன்’ என வினவும் பொருளிலும் அம்மறுமொழி காணப்படுகிறது. மொழிபெயர்ப்பாளன் இங்கேதான் நின்று சிந்திக்க வேண்டியவனாகிறான். ‘இக்ரஃ’ என்பதற்கு ஏட்டைக் கண்ணால் பார்த்துப் படி என்று மட்டும் பொருள் கொண்டால், எழுத்தறியா உம்மி நபியிடம் ஏன் அக்கட்டளை என்ற வினா எழும். வாயால் மொழி என்று மட்டும் கொண்டால், அடுத்து வரும் எழுதுகோலின் சிறப்பும் கல்வியின் சிறப்பும் தனித்து நின்றுவிடும். அரபு வினையோ இரண்டையும் தன்னுள் அடக்கி நிற்கிறது. வாயால் மொழிவதும் அதுவே; மறுமை நாளில் தன் வினைப்பதிவேட்டைப் படிக்குமாறு மனிதனை நோக்கிக் கூறப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் சொல்லுமிடத்தில் வருவதும் அதுவே.

அரபியின் உடன்பிறந்த மொழிகளில் இச்சொல்லின் உறவுகளைக் காணலாம். எபிரேயத்தில் ‘காரா’ என்னும் வினைக்கு அழைத்தல் என்றும் படித்தல் என்றும் பொருள். யூதர்கள் தங்கள் வேதத்தை ‘மிக்ரா’ என்று குறிப்பதும் இவ்வேரிலிருந்தே. சிரியாக் மொழியில் தேவாலயத்தில் உரக்கப் படிக்கப்படும் வேதப்பகுதிக்கு ‘கெர்யானா’ என்று பெயர். ‘குர்ஆன்’ என்னும் திருப்பெயரும் ‘இக்ரஃ’ பிறந்த அதே வினையிலிருந்து பிறந்ததாகவே பெரும்பாலான அறிஞர்கள் விளக்குவர்.

இஸ்லாம் பரவிய நிலங்களில் ஒவ்வொரு மொழியும் தன்னிடமிருந்த சொல்லைக் கொண்டு வந்தது. பாரசீகம் ‘கான்தன்’ என்னும் வினையைக் கொண்டது. படித்தல், பாடுதல், அழைத்தல் ஆகிய மூன்றும் அதற்குப் பொருள்கள். நம் நாட்டில் உருது பேசுவோர் ‘குர்ஆன் கானி’ என்று கூறும் வழக்கில் நாம் கேட்பது அச்சொல்லையே. துருக்கியில் ‘ஓகு’ என்பர். இன்று அது படி எனப் பொருள்படினும், பழந்துருக்கியில் அழை, கூப்பிடு என்ற பொருளும் அதற்கு உண்டு. உருதுவின் ‘படோ’ வடமொழியின் ‘பட்’ என்னும் வினைவழி வந்தது. மலாய் மொழி ‘பாச்சா’ என்கிறது. அதுவும் வடமொழியில் பேச்சைக் குறிக்கும் ‘வாச’ என்பதன் திரிபே. சிங்களத்தில் படித்தலைக் குறிக்கும் ‘கியவனவா’, சொல்லுதலைக் குறிக்கும் ‘கியனவா’ என்பதன் குடும்பத்தது. போஸ்னிய முஸ்லிம்கள் குர்ஆனை ஓதுவதற்கு வழங்கும் ‘உச்சிதி’ என்னும் சொல்லுக்குப் பொதுவழக்கில் கற்றல் என்பதே பொருள்.

ஆங்கிலத்தின் தடுமாற்றம் நமக்குப் பாடமாகும். 1930இல் வெளிவந்த பிக்தாலின் மொழிபெயர்ப்பு ‘ரீட்’ என்றது. அதனை அடுத்து வந்த யூசுஃப் அலி ‘பிரக்ளெய்ம்’, அதாவது முழங்கி அறிவி என்று எழுதி, படி என்னும் பொருளையும் அருகில் வைத்தார். 1955இல் ஆர்பெரி ‘ரிசைட்’ என்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரே மொழியில் ஒரே ஏவலுக்கு மூன்று சொற்கள்! மூவரும் கற்றறிந்தவர்களே. ஆனால் கண்ணையும் நாவையும் ஒருங்கே ஏவும் சொல் அவர்களுக்கு எளிதில் அகப்படவில்லை. ஜெர்மானியர் படித்தலைக் குறிக்க வழங்கும் ‘லேசன்’ என்னும் சொல்லுக்குப் பொறுக்கிச் சேர்த்தல் என்பதும் பொருள். அரபு அகராதியாளர் சிலர் ‘கரஅ’ என்னும் வினைக்கும் ஒன்று சேர்த்தல் என்ற அடிப்படைப் பொருள் உண்டென எழுதியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. எழுத்தோடு எழுத்தைச் சேர்ப்பவன்தானே ஓதுபவன்!

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் மூன்று சொற்கள் ஆயத்தமாக இருந்தன: படி, வாசி, ஓது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதத்தை ‘வாசித்தல்’ என்னும் வழக்கைக் கொண்டனர். தமிழ் முஸ்லிம்கள் ‘ஓதுதல்’ என்பதைக் கொண்டனர். குர்ஆனைத் தமிழாக்கிய முன்னோடியான ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களும், அவருக்குப் பின் வந்த மொழிபெயர்ப்பாளர் பலரும் இவ்விடத்தில் ஓதுவீராக என்றே எழுதினர். இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. அரபியில் ஒருமை ஏவல் யாரிடத்தும் ஒன்றே. தமிழிலோ அண்ணல் நபியை நோக்கி ‘ஓது’ என வெறும் ஏவலாக எழுத நம் ஆலிம்களின் எழுதுகோல் இசையவில்லை. ஆகவே ‘வீராக’ என்னும் மரியாதை ஈற்றைச் சேர்த்தனர். மூலத்தில் இலக்கணமாக இல்லாத அதபு, தமிழில் இலக்கணமாகவே வந்து அமர்ந்தது.

‘ஓது’ என்பது அவர்கள் புதிதாகப் புனைந்த சொல்லன்று. தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களைக் கூறும் தொல்காப்பியப் பொருளதிகாரம், கல்வியின்பொருட்டுப் பிரிவதையும் அவற்றுள் ஒன்றாக வைத்து, அதற்கு ‘ஓதல்’ என்றே பெயரிடுகிறது. நூலின் உட்பிரிவுக்கும் ‘ஓத்து’ என்று பெயர். திருக்குறளில் ஓத்து என்பது வேதத்தைக் குறிக்கும். பேதைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஓதியும் உணர்ந்தும் பிறர்க்கு எடுத்துரைத்தும் தான் அதன்படி அடங்கி ஒழுகாதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்கிறார். அங்கே ஓதுதல் முதற்படி. உணர்தல், உரைத்தல், ஒழுகல் ஆகியன அடுத்த படிகள்.

நம் சிதம்பரத்தில் இச்சொல் பல நூற்றாண்டுகளாக உயிரோடு இருக்கிறது. தேவாரம் பாடுவோர்க்கு ‘ஓதுவார்’ என்று பெயர். தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிக் கிடந்து சோழர் காலத்தில் மீட்கப்பட்டன என்பது சைவர்தம் மரபுச்செய்தி. மேற்கே கேரளத்தில் நம்பூதிரிகள் வேதம் பயில்வதை ‘ஓத்து’ என்றனர். அதே மண்ணின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் தம் பிள்ளைகள் குர்ஆன் பயிலும் இடத்தை ‘ஓத்துப்பள்ளி’ என்றனர். கன்னடத்திலோ நாளிதழைப் படிப்பதும் பாடநூலைப் படிப்பதும் ‘ஓது’ என்பதே. ஒரே வேர் அங்கே அன்றாடக் கல்வியாகவும், இங்கே வழிபாட்டு மொழியாகவும் தழைத்துள்ளது. மலையாளிகள் ஓத்துப்பள்ளியில் ஓதினாலும், அவர்களிடையே பரவலாக வழங்கும் மொழிபெயர்ப்பொன்று இந்த ஏவலை ‘வாயிக்குக’ என்றே தருகிறது. நம் தமிழில்தான் பிள்ளையின் நாவிலும் மொழிபெயர்ப்பின் ஏட்டிலும் ஒரே சொல் நிலைத்தது.

நம் வீடுகளில் இச்சொல் நுழையாத இடமில்லை. குர்ஆன் ஓதுகிறோம், ஸலவாத் ஓதுகிறோம், துஆ ஓதுகிறோம், வெள்ளிதோறும் மிம்பரில் குத்பா ஓதப்படுகிறது, நோயுற்ற பிள்ளைக்கு ஓதிப் பார்க்கிறோம். பொருளோடு ஓதும் மரபும் நம் கடற்கரைக்குப் புதிதன்று. போர்த்துகீசியர் போர்ட்டோ நோவோ என்றும் முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றும் அழைத்த பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர்தாம், வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் உமறுப் புலவரை ஆதரித்தவர் என்பர். அவ்வாறு அரங்கேறிய சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில், ஹிராக் குகையின் இந்நிகழ்ச்சி தமிழ்க் காப்பியமாக விரிகிறது. அரபி அறியாத பாமரரும் தம் நபியின் வாழ்வைத் தாய்மொழியில் பாடக் கேட்டு, உரை கேட்டு, பொருளுணர்ந்து மகிழ்ந்தனர். வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டையின் மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக ‘மன்பஈ’ பட்டம் பெற்ற ஆலிம்களைத் தமிழகமெங்கும் அனுப்பி வருகிறது.

இவ்வளவு செல்வம் நிறைந்த சொல்லுக்கு இன்று நேர்ந்திருப்பது என்ன? ‘உங்கள் பையன் ஓதுகிறானா, படிக்கிறானா?’ கடலூரிலும் சிதம்பரத்திலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் நம்மவர் இயல்பாகக் கேட்கும் கேள்வி இது. மதரஸாவுக்குச் செல்பவன் ஓதுகிறான். பள்ளிக்கூடம் செல்பவன் படிக்கிறான். லால்பேட்டையில் பட்டம் பெற்றவர் ஓதியவர். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் படித்தவர். தொல்காப்பியர் வந்து கேட்டால் இருவரையும் ஓதியவர் என்றே கூறுவார். நாமோ ஒரு சொல்லின் பொருளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தீனுக்கும் மறு பாதியைத் துன்யாவுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம்.

இப்பங்கீட்டால் இரு பக்கமும் இழப்பே நேர்ந்தது. ஓதும் பிள்ளை எழுத்தைத் திருத்தமாக உச்சரிக்கிறான். தஜ்வீது பிழையாமல் குர்ஆனை முடிக்கிறான். தான் ஓதியது என்னவென்று கேட்டால் விழிக்கிறான்; அப்படிக் கேட்பதே அவனுக்குப் புதுமையாக இருக்கிறது. படிக்கும் பிள்ளை எல்லாவற்றுக்கும் பொருள் கேட்கக் கற்றிருக்கிறான். அக்கல்வியை யார் பெயரால் தொடங்குவது என்பதை அவனுக்குச் சொல்வாரில்லை. ஒருவனிடம் நா இருக்கிறது. மற்றவனிடம் கண் இருக்கிறது. ‘இக்ரஃ’ கேட்டதோ இரண்டையும்.

முதலில் அருளப்பட்ட அந்த ஐந்து வசனங்களைச் சற்று நிதானமாக நோக்குங்கள். ‘இக்ரஃ’ என்னும் ஏவல் இருமுறை வருகிறது. கற்றுக்கொடுத்தான் என்னும் பொருள்தரும் ‘அல்லம’ என்ற வினையும் இருமுறை வருகிறது. அவற்றின் நடுவே எழுதுகோல் நிற்கிறது. மனிதன் உறைந்து ஒட்டிய நிலையிலிருந்து படைக்கப்பட்டான் என்ற செய்தியும், அவன் அறியாதவற்றை அவனுக்கு அறிவித்தவன் இறைவனே என்ற செய்தியும் அதே வரிசையில் உள்ளன. எதை ஓத வேண்டும் என்னும் செயப்படுபொருள் அங்கு வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அதனைக் குர்ஆன் என்றே விளக்குவர் விரிவுரையாளர் பலர். பொருள் விரிந்து நிற்பதற்காகவே விடப்பட்டது எனக் கொள்வாரும் உளர். ஆனால் யாருடைய பெயரால் ஓத வேண்டும் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட்டுவிட்டது: படைத்த இரட்சகனின் பெயரால். ஓதலும் எழுத்தும் அறிவும் அல்லாஹ்வின் பெயரால் ஒன்றாகக் கட்டப்பட்ட இடத்திலிருந்தே நம் மார்க்கம் தொடங்குகிறது.

பொருள் அறியாது ஓதுவதற்கு நன்மையில்லை என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஓரெழுத்துக்குப் பத்து நன்மை என்ற நற்செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ள நபிமொழி. திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்பதும் நபிமொழியே. நாவின் வணக்கத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் குர்ஆன் ஓதலைக் குறிக்க ‘திலாவத்’ என்னும் மற்றொரு சொல்லையும் வழங்குகிறது. அதன் வேர்ப்பொருள் பின்தொடர்தல். நாவு முன்னே செல்ல, அறிவும் ஒழுக்கமும் பின்தொடர வேண்டும். வள்ளுவர் கூறிய நான்கு படிகளும் இதனின்று வேறல்ல.

ஆகவே பெற்றோர்க்கும் என்னைப் போன்று மக்தபில் பாடம் நடத்துவோர்க்கும் உரிய கடமை தெளிவானது. நாள்தோறும் பிள்ளை ஓதும் பாடத்தில் ஒரேயொரு சொல்லுக்கேனும் தமிழில் பொருள் சொல்லிக் கொடுப்போம். ஆண்டுக்கு முந்நூறு சொற்களேனும் அவன் நெஞ்சில் தங்கும். குர்ஆனில் ஒரே சொல் பலமுறை மீண்டும் மீண்டும் வருவதால், அந்த முந்நூறும் அவனுக்குப் பல பக்கங்களைத் திறந்துகாட்டும். அவன் பள்ளிப் பாடநூலைத் திறக்கும்போதும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கச் செய்வோம். அப்போது அறிவியல் பாடமும் அவனுக்கு ஓதலாகும். யாஸீன் சூராவும் அவனுக்குப் படிப்பாகும்.

ஆங்கிலம் மூன்று சொற்களுக்கிடையே அலைந்தது. நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது பிளவுபடாத ஒரு சொல். அதனைப் பிளவின்றியே நம் பிள்ளைகளின் கையில் ஒப்படைப்போம். ஓதவும், ஓதியதை உணரவும், உணர்ந்தபடி ஒழுகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.