வடபாதைக் குடிபெயர்வும் தொழிலாளர் உடல்நலமும்

வடபாதை என்பது, 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடந்த, ஏறத்தாழ 150 மைல் நீளமான காட்டுவழியாகும். இராமேசுவரக் கரையிலிருந்து கடல் கடக்கும் தொலைவு குறைவு என்பதால், பள்ளிமுனை, பேசாலை முதலிய மீனவர் ஊர்களைக் கொண்ட மன்னார்த் தீவு இக்குடிபெயர்வின் வாயிலாயிற்று.

மழை பொய்த்துப் பட்டினியால் மெலிந்தே பெரும்பாலோர் புறப்பட்டனர். வழியிலிருந்த வன்னிப் பகுதியின் குளங்கள் தூர்ந்து கிடந்தமையால் நல்ல நீர் கிடைக்காமல் வாந்திபேதி, வயிற்றளைச்சல், மலைக்காய்ச்சல், அம்மை ஆகியவை அவர்களை வாட்டின. தொழிலாளரைத் திரட்டி அழைத்துச் சென்ற கங்காணிமார் முன்பணக் கணக்கை மனத்திற்கொண்டு பயணத்தை விரைவுபடுத்தியதால், நடக்க இயலாதோர் வழியிலேயே கைவிடப்பட்டனர். உடன்வந்த உறவினரே அவர்களுக்குப் பணிவிடை செய்தனர். 1840களில் இறந்தோர் 70,000 பேர் எனக் கொழும்பு ஒப்சேவர் இதழ் 1849இல் எழுதியது. இத்தொகை மிகையாக இருக்கலாம்; எனினும், இறப்புகளுக்குத் தோட்டத்துரைமாரின் அலட்சியமும் ஒரு காரணம்.

நோய் வழியோரச் சிற்றூர்களுக்கும் பரவும் என்ற அச்சம் எழுந்த பின்னரே அரசு பாதையில் கிணறுகளையும் தங்குமடங்களையும் மருத்துவமனைகளையும் அமைத்தது. 1872, 1880, 1912ஆம் ஆண்டுகளின் மருத்துவத் தேவைச் சட்டங்கள், தோட்டப் பகுதிகளில் அரசு மருத்துவத்துக்கு வழிவகுத்தன. இந்தியாவில் பரவிய கொள்ளைநோயைக் காரணம் காட்டி 1899இல் வடபாதை மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியபின் மன்னார் வழியான பயணம் மீண்டும் உயிர்பெற்றது. எனினும், வருவோர் தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மைத் தடுப்பூசி போடப்பட்ட பின்னரே கப்பலேறினர். இரத்தசோகையை உண்டாக்கும் கொக்கிப்புழு நோயை ஒழிக்க, 1916 முதல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு தோட்டங்களில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கப்பட்டது. அன்றாடக் கவனிப்போ, தோட்ட மருந்தகத்தின் அப்போதிக்கரி எனப்பட்ட உதவி மருத்துவர், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் மருத்துவச்சி, காப்பிக்குப் பதிலாக வந்த தேயிலையின் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைப் பேணிய பிள்ளைக்காம்பராவின் ஆயாமார் ஆகியோரிடமே இருந்தது.

1939இல் இந்திய அரசு இலங்கைக்கான தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் மண்டபம் முகாம், மன்னாரிலிருந்து எதிர்த்திசையில் கடல் கடந்த ஏதிலியருக்குத் தங்குமிடமாயிற்று. தோட்ட மருத்துவமனைகள் பல இன்று இலங்கை அரசிடம் உள்ளன. எனினும், தோட்டங்களில் தாய்சேய் ஊட்டக்குறை தொடர்கிறது.