காணிக்காரர் தின்ற காயும் ஜீவனி மருந்தும்



பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் காணிக்காரர் குடியிருப்புகள் இருப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே மலைத்தொடரில் வடக்கே 1868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். அந்த மலையில் கிடைத்த ஒரு மருந்துச் செடியின் வரலாறு உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படுகிறது. நம் ஊரில்தான் அதிகம் பேசக் கேட்டதில்லை.

1987 டிசம்பரில், பழங்குடி மக்களின் தாவர அறிவைப் பதிவு செய்யும் திட்டத்துக்காக டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு அகத்தியமலை ஏறியது. வழிகாட்டிகள் காணிக்காரர்கள். குழுவினர் களைத்து உட்கார்ந்தபோதும் வழிகாட்டிகள் சுறுசுறுப்பாக நடந்தார்கள். இடையிடையே ஏதோ சிறு காய்களைத் தின்றார்கள். என்ன காய் என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. காட்டித் தந்தவர்களில் குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் பதிவாகியுள்ளன.

தாவரவியலில் அதன் பெயர் டிரைக்கோபஸ் சைலானிகஸ். நம் மலையில் உள்ள துணையினம் டிராவன்கோரிகஸ். பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. நாம் அவித்துத் தின்னும் காச்சில் கிழங்கின் குடும்பம். மர நிழலில் தரையோடு வளரும் சிறு செடி.

ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது இலையில் கிளைக்கோலிப்பிடுகளும், ஸ்டீராய்டு அல்லாத சில சேர்மங்களும் இருந்தன. எலிகளில் களைப்பு குறைந்ததும் நோய் எதிர்ப்புத் திறன் கூடியதும் பதிவாயின. காணிக்காரர் தின்றது காய். மருந்துக்கு எடுத்தது இலை. ஆகவே செடியை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது.

1995-ல் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குத் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, காலம் 7 ஆண்டுகள். இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999-ல் 5 லட்சத்துக்கு மேல் தொகை அதன் கைக்கு வந்தது. உயிரினப் பன்மைச் சட்டம் நம் நாட்டில் வந்தது 2002-ல்தான். அதற்கு முன்பே நடந்த பங்கீடு இது. 2002-ல் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது.

ஆனால் கதை அத்தோடு இனிமையாக முடியவில்லை. ஒதுக்குக் காட்டிலிருந்து இலை எடுக்க வனத்துறை தடை சொன்னது. இலை போதிய அளவு கிடைக்கவில்லை. எல்லாக் காணிக்காரரையும் கேட்டா ஒப்பந்தம் போட்டீர்கள் என்ற கேள்வியும் எழுந்தது. இன்னொன்று நம்மைத் தொடுவது: அறக்கட்டளையின் பெயர் ‘கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்’. 1956 நவம்பர் 1-ல் போட்ட எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் காணிக்காரர் அந்தப் பெயருக்குள் வரவில்லை. செடிக்கும் அறிவுக்கும் எல்லை கிடையாது, பணத்துக்கு இருந்தது.

எலியில் கண்ட பலனை மனிதருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. யாரும் காட்டுச்செடியைத் தேடித் தின்ன வேண்டாம். மருந்தியல், தாவரவியல் படிக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மூலிகையைப் பற்றி ஆய்வேடு எழுதும்போது, அதை உங்களுக்குக் காட்டித் தந்தவரிடம் சம்மதம் கேட்டு அவர் பெயரையும் எழுதுங்கள். பலன் வந்தால் அவர் பங்கையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.