யார் பிணம், யார் சிரிப்பு? சின்னப் படங்களின் டார்க் காமெடி வரலாறு

மழைக்காலம். எங்கள் சேரியில் ஒரு தாத்தா இறந்துவிட்டார். சுடுகாட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஊர்த்தெரு வழியாகப் போனால் சிமெண்ட் ரோடு. ஆனால் நம் பிணம் அந்த வழியில் போகக் கூடாது. இன்னொரு வழி ஓடை. இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நடு ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்க, பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்னால் தோள் கொடுத்திருந்த சித்தப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மாமோவ், உசுரோட இருக்கையில குளிக்கச் சொன்னா ஓடுவ. இப்ப என்ன அவசரம்?"

அழுதுகொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். தாத்தாவின் மகனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கரையேறினோம்.

நான் பிற்பாடு சமூகவியலில் முதுகலை படித்தேன். அங்கே சாதியைப் பற்றிப் படித்தேன், சடங்கைப் பற்றிப் படித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை. அதை மறுபடி பார்த்தது சினிமாவில்தான். அதுவும் பெரிய சினிமாவில் அல்ல. நட்சத்திரம் இல்லாத, காசு இல்லாத, "டார்க் காமெடி" என்று சொல்லப்படுகிற சின்னப் படங்களில். இவை ஏன் நமக்குப் பிடிக்கின்றன என்று கேட்டால், "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் பதில் போதாது. இந்தப் படங்களில் யார் சாகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

முதலில் காசுக் கணக்கு. பெரிய நடிகருக்குப் பல கோடி கொடுத்த படத்தில் அவர் தோற்கக் கூடாது. அதிகாரியை அடித்துத் துவைத்து நீதியை நிலைநாட்டியே ஆக வேண்டும். நம் அனுபவத்தில் நீதி அப்படி வருவதில்லை. மனு கொடுக்கிறோம், அலைகிறோம், தேதி வாங்குகிறோம், மறுபடி மனு கொடுக்கிறோம். செலவு குறைந்த படத்துக்கு யாரையும் ஜெயிக்க வைக்கும் கட்டாயம் இல்லை. தோற்பவனை நாயகனாக வைக்கலாம். பிணத்தையே கூட நாயகனாக வைக்கலாம். இந்த வகைப் படங்களின் முதல் சுதந்திரமே அதுதான்.

இந்தியில் 1983இல் வந்த 'ஜானே பி தோ யாரோ' இதற்குப் பழைய உதாரணம். குந்தன் ஷாவின் முதல் படம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில், சுமார் 7 லட்சம் ரூபாயில் எடுத்தார்கள். நசீருதீன் ஷாவும் ரவி பாஸ்வானியும் பிழைக்க வழி தெரியாத இரண்டு புகைப்படக்காரர்கள். பம்பாயில் கட்டுமான ஒப்பந்தக்காரர்களும் மாநகராட்சிக் கமிஷனரும் சேர்ந்து அடிக்கும் கொள்ளை அவர்கள் கேமராவில் விழுகிறது. கமிஷனர் டிமெல்லோ கொல்லப்படுகிறார். அதன் பிறகு அவருடைய பிணம் நகரம் முழுக்க ஊர்வலம் போகிறது. ஒவ்வொருவருக்கும் அது வேண்டும். கடைசியில் மகாபாரத நாடக மேடையில் திரௌபதியாகப் புடவை கட்டி நிற்கிறது அந்தப் பிணம். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். ஆனால் முடிவில் ஒப்பந்தக்காரர்களும் அதிகாரிகளும் சமரசமாகிவிடுகிறார்கள். பாலம் இடிந்த பழி இரண்டு புகைப்படக்காரர்கள் மேல் விழுகிறது. சிறை உடையில் தெருவுக்கு வரும் அவர்கள், நம்மைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டுகிறார்கள். படம் முடிகிறது.

நான் பலமுறை பார்த்த படம் இது. ஆனால் ஒரு காட்சி எனக்கு நெருடிக்கொண்டே இருக்கும். செத்த கமிஷனரைப் புகழும் காட்சியில், அவர் சாக்கடைக்காகவே வாழ்ந்து சாக்கடைக்காகவே உயிர் விட்டார் என்று பேசுகிறார்கள். அதிகார வர்க்கத்தின் பாசாங்கைக் கிழிக்கும் நல்ல கிண்டல் அது. ஆனால் இந்த நாட்டில் சாக்கடைக்காக உண்மையில் உயிர் விடுகிறவர்கள் யார்? அந்தக் கேள்வி படத்துக்குள் வரவே இல்லை. ஊழலைப் பார்த்துத் துணிந்து சிரித்த படத்துக்கு, அந்தச் சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள் என்பது கண்ணில் படவில்லை. 1983இல் நடுத்தர வர்க்கத்துச் சிரிப்பு அவ்வளவு தூரம்தான் வந்தது.

அந்தக் கேள்வி இன்னொரு சின்னப் படத்தில் வர 31 வருடம் ஆனது. சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம் 'கோர்ட்' 2014இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு விருது வாங்கியது. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குத்தான். நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் இல்லை. நாராயண் காம்ப்ளே என்ற தலித் மக்கள் பாடகர் மேல் ஒரு வழக்கு: அவர் பாடிய பாட்டைக் கேட்டுத்தான் ஒரு சாக்கடைத் தொழிலாளி மலக்குழிக்குள் இறங்கித் தற்கொலை செய்துகொண்டாராம். இதைவிட அபத்தமான குற்றச்சாட்டை யாரும் கற்பனை செய்ய முடியாது. ஆனால் நீதிமன்றம் அதைச் சிரிக்காமல் விசாரிக்கிறது. கையில்லாத மேல்சட்டை போட்டு வந்தார் என்பதற்காக ஒரு பெண்ணின் வழக்கைத் தள்ளிப்போடுகிறார் நீதிபதி. நாம் சிரிக்கிறோம்.

பிறகு இறந்தவரின் மனைவி கூண்டில் ஏறுகிறார். கணவர் குழிக்குள் இறங்கும் முன் கல்லைப் போட்டுப் பார்ப்பார். கரப்பான் பூச்சி வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று இறங்குவார். விஷவாயுவால் ஒரு கண் போய்விட்டது. நாற்றம் தாங்கக் குடிப்பார். கவசம் எதுவும் கொடுத்தார்களா என்றால், இல்லை. நம் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. மலக்குழி மரணங்களுக்கு 1993 முதல் கணக்கெடுத்துக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே 2014இல்தான். அந்தப் பணத்துக்கு இழப்பீடு கேட்டு அலைகிற குடும்பங்களுடன் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறவன் நான். செத்தவர் சாக்கடையில்தான் செத்தார் என்பதற்குச் சாட்சி கேட்பார்கள். 'கோர்ட்' எனக்குக் கற்பனைப் படமாகத் தெரியவில்லை.

காம்ப்ளேயாக நடித்த வீரா சாத்திதார் நாக்பூரைச் சேர்ந்த அம்பேத்கரிய செயல்பாட்டாளர். 2021 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவர் அந்த வேடத்தில் அப்படிப் பொருந்தியதற்கு நடிப்புப் பள்ளி காரணமில்லை. வாழ்ந்த வாழ்க்கைதான் காரணம்.

தெற்கிலும் இதே காலத்தில் சாவு வீடுகள் திரைக்கு வந்தன. மாண்டியா மாவட்டத்துக் கிராமத்தில் ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து ராம் ரெட்டி எடுத்த கன்னடப் படம் 'திதி' 2015இல் லொகார்னோவில் விருது பெற்றது. 101 வயதுக் கிழவர் செத்துப்போகிறார். பேரன் நிலத்தை விற்பதற்காக, உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும் தன் அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். அருமையான படம். ஆனால் போலிச் சான்றிதழ் வாங்கி விற்க நமக்கு நிலம் ஏது என்றும் தோன்றியது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் மலையாளப் படம் 'ஈ.ம.யௌ' (2018) இன்னும் நெருங்கி வந்தது. கடற்கரை லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு ஊரே வியக்க அடக்கம் செய்வதாக மகன் வாக்குக் கொடுக்கிறான். பாதிரியாரோ கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மறுக்கிறார். கடைசியில் மகன் மழையில் தன் வீட்டு முற்றத்திலேயே குழி தோண்டுகிறான். புதைக்க இடம் மறுக்கப்படுவது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்ச் சினிமாவுக்கு வருவோம். சொந்த உடம்பு அழுகும்போதும் எகத்தாளம் விடாத எம்.ஆர். ராதாவை 1954இலேயே 'ரத்தக்கண்ணீர்' காட்டிவிட்டது. ஆனால் அதன் பிறகு வந்த நகைச்சுவையில் பெரும்பகுதி மேலிருந்து கீழே பாய்ந்தது. கருப்பான முகம், குள்ளமான உடம்பு, முடி திருத்துபவர், துணி வெளுப்பவர், வெட்டியான். இவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் நமக்குப் பழக்கினார்கள். கொட்டகையில் நாமும் சிரித்தோம். நம்மைப் பார்த்து நாமே.

2010க்குப் பிறகு டிஜிட்டல் கேமராவும் குறும்படங்களும் புதியவர்களுக்குக் கதவு திறந்தன. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011), நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்' (2013) போன்றவை வந்தன. நேர்மையான அமைச்சரின் ஊழல் மகன் அமைச்சராகும் முடிவைத் தமிழ் ரசிகர் ரசிக்கப் பழகினார். ஆனாலும் சாதி அங்கே பேசுபொருளாக இல்லை.

2021 ஏப்ரல் 4ஆம் தேதி, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், கொட்டகைக்கே போகாமல் நேராகத் தொலைக்காட்சியில் வந்தது மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. ஆலமரத்தடியில் முடிவெட்டும் ஒருவர். ஊரில் எல்லோர் வீட்டுக்கும் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். சரியான பெயர் கூட இல்லை. தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்க ஒரு பெயர் தேவைப்படுகிறது. நெல்சன் மண்டேலா ஆகிறார். இரண்டு சாதிகளும் சரிசமமாக நிற்கும் ஊராட்சித் தேர்தலில் அவருடைய ஒற்றை ஓட்டு எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று தெரிந்ததும், பின்வாசல் முன்வாசலாகிறது. மற்ற படங்களில் யாருடைய தோற்றத்தைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தார்களோ, அந்த யோகி பாபுதான் இங்கே நாயகன். அவர் சும்மா நிற்கிறார், ஊர்தான் கோமாளியாகிறது. சிரிப்பின் திசை மாறியது இங்கேதான். 'ஜானே பி தோ யாரோ'வுக்குக் கிடைத்த அதே அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது இதற்கும் கிடைத்தது, வசனத்துக்கும் ஒன்று.

எனக்குக் குறைகளும் உண்டு. இரண்டு சாதிகளுக்கும் பெயர் இல்லை, வடக்கூர் தெற்கூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சேரி என்று ஒன்று என் கண்ணில் படவில்லை. ஓட்டு என்ற ஒன்றால் மாறும் ஊரை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் தேர்தலுக்கு மறுநாள் அந்த முன்வாசல் திறந்திருக்குமா?

இதை எழுதும்போது 2019 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலை, ஆதிக்கச் சாதியினரின் நிலம் வழியாகக் கொண்டுபோக முடியாததால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. திரையில் ஒரு கமிஷனரின் பிணத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். தரையில் நம் பிணத்துக்கு ஒரு பாதை கிடைப்பதில்லை. எந்த இயக்குநரும் இவ்வளவு கறுப்பாக யோசித்திருக்க முடியாது.

அதனால்தான் இந்தச் சின்னப் படங்கள் நமக்குப் புதிதாகத் தெரிவதில்லை, பழக்கமானதாகத் தெரிகின்றன. அபத்தத்தின் நடுவே சிரித்துக்கொண்டே கரையேறுவது நம் ஆட்களுக்குக் கலை அல்ல, பிழைப்பு. ஆனால் அந்தச் சிரிப்பை வைத்து யாரும் நம்மை "பாவம், எப்படியோ சந்தோஷமா இருக்காங்க" என்று மெச்ச வேண்டாம். சித்தப்பா அன்று சிரித்தது தண்ணீர் குளிர்ந்ததால் அல்ல. கத்தினால் ஊர்த்தெருவில் கேட்கும், அழுதால் பாடை நழுவும். வேறு வழி இல்லை.

ஓடைக்குப் பாலமும் பொதுப்பாதையும் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்தது. மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டுமாம். முதல் கையெழுத்து அந்தத் தாத்தாவுடையது. இறப்பதற்கு முன்பு போட்டது.

அந்தக் கடிதத்தைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "போற வழிய மொதல்ல போடச் சொல்லு, மாமா நடந்தே வருவாரு" என்றார்.

மறுபடி மனு எழுதியிருக்கிறோம். இந்த முறை எங்கள் தெருவில் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.