நெட்டிக்குள் ஓடும் நரம்பு

பாம்பன் கரையில் என் அப்பத்தா கூரல் மீனை அறுக்கும்போது நெட்டிக்கு, அதாவது அதன் காற்றுப்பைக்கு, மட்டும் கத்தி வைக்கமாட்டாள். முதுகெலும்புக்குக் கீழே இரண்டு விரலை விட்டு, நகம் படாமல் உரித்தெடுப்பாள். விலையே அதில்தான். கழுவும்போது உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிவப்புத் திட்டைச் சுரண்டி எறிவாள். அந்தத் திட்டின் வேலையைக் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனது என்று, விலங்கியல் படிக்கப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1680இல் வெளிவந்த நூலில் இத்தாலியின் பொரெல்லி, மீன் தசையால் காற்றுப்பையை அமுக்கிக் கீழே இறங்குகிறது, தளர்த்தி மேலே வருகிறது என்றார். அவருக்கு அது ஒரு துருத்தி.

பிரெஞ்சு அறிஞர் பியோ, பூமியை அளக்கும் வேலையாக இபிசா, ஃபார்மென்டேரா தீவுகளுக்குப் போனவர். அங்கே பிடிபட்ட மீன்களின் பைக் காற்றைச் சோதித்தார். ஆழத்து மீன்களிடம் பெரும்பகுதி ஆக்சிஜன்! நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம்தான். 1807இல் இதை வெளியிட்டார். மேலே வந்து விழுங்கிய காற்று இப்படி இருக்காது. மீனின் உடலே அதைச் சுரந்திருக்க வேண்டும்.

யார் சொல்லிச் சுரக்கிறது? 1894இல் கோபன்ஹேகன் பேராசிரியர் கிறிஸ்தியான் போர் விடை சொன்னார். அணுவை ஆராய்ந்த நீல்ஸ் போரின் தந்தை அவர். காட் மீனின் பையைத் துளைத்துக் காலிசெய்தார், மறுபடி நிரம்பியது. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பின் கிளைகளை வெட்டினார், நிரம்பவில்லை.

நரம்பு வந்து சேரும் இடம்தான் அந்தச் சிவப்புத் திட்டு. அதிலுள்ள சுரப்பி அமிலத்தை வெளிவிட, ரத்தம் ஆக்சிஜனைக் கைவிடுகிறது. பக்கத்திலேயே மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் நெருக்கமாக, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. வெளியேறும் ரத்தத்தின் வாயு உள்ளே வரும் ரத்தத்துக்குத் தாவி, சுரப்பிக்கே திரும்புகிறது. சேர்ந்த வாயு கசியாதபடி, சுவரில் வெள்ளிபோல் மின்னும் குவானின் படிகங்கள் காக்கின்றன. அதற்கு வெளியே வெள்ளையாக, கெட்டியாக இருப்பது கொலாஜன். சூப்புக்கும் பீரைத் தெளியவைக்கவும் வியாபாரி தேடுவது இந்தத் தோலைத்தான்.

இன்று என் செய்முறை வகுப்பில் யாரையும் திட்டைச் சுரண்ட விடுவதில்லை. செவுளுக்குப் பின்னாலிருந்து வரும் வெள்ளை இழையை இடுக்கியால் மெல்ல விலக்கி, அதன் கூடவே போகச் சொல்வேன். போன வாரம் ஒரு மாணவி குனிந்தபடியே கேட்டாள்: “இங்கயா வந்து சேருது, மேடம்?”