கவனக் குறைவுக்கு ஓர் அத்தாட்சி

1962-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் சேர்ந்தபோது, பதினான்காம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலிழந்து, இரவில் இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் உறங்கவேண்டியிருந்த அவருக்கு, இருக்க இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்ததேயன்றித் தமக்கு ஊனம் உண்டு என்பதை ருசுப்படுத்தவேண்டிய அவசியம் நேரவில்லை. ஒரே பக்கத்தை நாலாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிற, பரீட்சை மண்டபத்தில் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டாலே எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைத் தொலைத்துவிடுகிற மாணவனின் அவஸ்தையோ பிறர் கண்ணுக்குப் புலப்படுவதன்று. அவன் அதைக் காகிதத்தில் நிரூபித்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தக் காகிதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. தன்னைப் பற்றி ஒருவன் சொல்லும் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியே அதன் அடிநாதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கவனம் நில்லாமல் சிதறுவதை ஒரு வியாதியாகக் கொண்டு 1798-இலேயே ஸ்காட்லாந்து வைத்தியர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் எழுதினார். 1902-இல் லண்டனில் சொற்பொழிவாற்றிய ஜார்ஜ் ஸ்டில், புத்தியில் குறையில்லாத சில குழந்தைகளிடம் கண்ட இத்தகைய இயல்புகளை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். நோயை நடத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பார்க்கும் அந்தப் பார்வை வெகுகாலம் மறையவில்லை. 1937-இல் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற வைத்தியர் முப்பது குழந்தைகளுக்குப் பென்ஸிட்ரின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாடத்தில் கண்கூடாக முன்னேறினார்கள். அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயரிட்டவர்கள் அந்தக் குழந்தைகளேதாம். தங்களுக்குள் நேர்ந்த மாற்றத்தை அவர்களே உணர்ந்து சொன்னார்கள் என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கையேடு இக்கோளாற்றுக்குக் கவனத்தின் பெயராலேயே பெயர் சூட்டி, பாலபருவத்தைக் கடந்தும் அது நீடிக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே 1973-ஆம் வருஷத்துப் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு, அரசாங்கப் பணம் பெறும் எந்த ஸ்தாபனமும் ஊனத்தைக் காரணங்காட்டி ஒருவரை விலக்கலாகாது என்று விதித்திருந்தது. அதை அமலாக்கும் விதிகள் நான்கு வருஷம் கையெழுத்தாகாமல் கிடக்க, 1977 ஏப்ரலில் ஸான் பிரான்ஸிஸ்கோவின் அரசாங்கக் கட்டடத்துக்குள் சக்கர நாற்காலிகளோடு புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கிச் சத்தியாக்கிரகம் செய்தவர்களால் அவை உயிர்பெற்றன. 1990-இல் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டமும் சேர்ந்துகொண்டது.

உரிமை வந்தது, அத்தாட்சியின் பாரமும் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் குறையுள்ள பிள்ளையைக் கண்டறிந்து பரிசோதிப்பது பள்ளியின் கடமை. கல்லூரிக்குள் காலெடுத்து வைத்ததும் அது மாணவனின் கடமையாகிறது, செலவும் அவனுடையதாகிறது. மனோதத்துவ நிபுணர் மணிக்கணக்கில் உட்காரவைத்து நடத்தும் சோதனைகளின் மதிப்பெண்கள், பெற்றோரின் வாக்குமூலம், கோளாறு பால்யத்திலேயே தொடங்கியது என்பதைக் காட்டுவதற்காக வீட்டுப் பரணிலிருந்து தேடி எடுக்கப்பட்ட ஆரம்பப் பள்ளி அறிக்கைகள், இவ்வளவையும் கோத்த கட்டின் முடிவில் ‘பரீட்சைக்கு ஒன்றரை மடங்கு நேரம், சந்தடியற்ற தனி அறை’ என்ற சிபாரிசு இருக்கும். படிவங்களை வரிசையாக நிரப்பித் தவணைக்குள் சேர்ப்பிப்பது எவனுக்கு எல்லாரையும்விடக் கடினமோ அவனிடம்தான் இந்தக் கட்டைக் கேட்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் வருந்தாமலிருக்க முடியவில்லை.

இந்தப் பாரம் நியாயஸ்தலத்தில் அளக்கப்பட்டது பாஸ்டன் சர்வகலாசாலை வழக்கில்தான். அச்சர்வகலாசாலையின் உயர் அதிகாரியாயிருந்து பின்னர் அதன் தலைவரான ஜான் வெஸ்ட்லிங், 1995-இல் ஒரு சொற்பொழிவில் ஸமந்தா என்னும் மாணவியைப் பற்றிப் பேசினார்: முதல் வரிசையில் இடம், பாடக் குறிப்புகளின் பிரதி, பரீட்சைக்கு அதிக நேரம், வகுப்பில் தூங்கிவிட்டால் விட்டுப்போன பாடத்தை மறுபடி எடுத்துச் சொல்லுதல் ஆகியவற்றைக் கோரும் கடிதத்தோடு அவள் தம்மிடம் வந்ததாகச் சொன்னார். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை, அவள் தம் கற்பனை என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், குறிப்பிட்ட தகுதியுடைய நிபுணர்களின் அறிக்கையே செல்லும் என்ற விதிகள் மாணவர்கள் மீது விழுந்தன. அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1997 ஆகஸ்டில் நீதிபதி பாட்டி ஸாரிஸ் அளித்த தீர்ப்பு, வாசிப்பு முதலியவற்றில் கற்றல் குறையுள்ளவர்களை வலிந்து மறுபரிசோதனைக்கு உட்படுத்தியது சட்டவிரோதம் என்று கண்டு, மாணவர் சிலருக்கு ஏறத்தாழ 30,000 டாலர் நஷ்டஈடும் விதித்தது. ஆனால் கவனக் குறைவுக் கோளாறு வயது ஏற ஏறத் தணியக்கூடியது, மருந்தால் மாறக்கூடியது என்ற காரணத்தால், அதற்கு மட்டும் புதிய பரிசோதனை கேட்பது நியாயமே என்றார் நீதிபதி. அந்த நியாயத்தை நான் முற்றும் மறுக்கவில்லை. மாறும் இயல்புடைய ஒன்றுக்குப் பழைய சாட்சியம் போதாதுதான். இருந்தும் மறுபரிசோதனைக்குப் பணமில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

அதே 1997-இல் மேற்கு வர்ஜினியாவில், கவனக் கோளாறுடைய மூன்று வைத்திய மாணவர்கள் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டுத் தோற்றார்கள். இவ்வளவு தூரம் படித்து வந்தவர்கள் சராசரி மனிதரைவிட எவ்விதத்தில் குறைந்தவர்கள் என்பது நியாயஸ்தலத்தின் வாதம். அவர்கள் பட்ட பாடு கணக்கில் வரவில்லை. 2008-இல் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் செய்த திருத்தம் இந்தக் கடுமையைத் தளர்த்திற்று: மனத்தை ஒருமுகப்படுத்துதலை வாழ்க்கையின் பிரதான காரியங்களில் ஒன்றாகச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, மருந்தால் கிடைக்கும் நிவாரணத்தைக் காட்டி ஊனமில்லை என்று தள்ளலாகாது என்றும் விதித்தது. 2012-இல் உயர்கல்வியில் ஊனமுற்றோர் சேவையில் ஈடுபட்டவர்களின் சங்கமான அஹெட், மாணவன் தன் அனுபவத்தைத் தன் வாயால் எடுத்துரைப்பதையே முதன்மையான ஆதாரமாகக் கொள்ளவேண்டும், வைத்திய அறிக்கைகள் அதற்குத் துணையாக நிற்கலாம் என்று வழிகாட்டியது. பல கல்லூரிகள் இதைப் பின்பற்றி, மாணவனை எதிரே உட்காரவைத்துப் பேசி முடிவு செய்கின்றன. வைத்தியத் தொழிலுக்கு உரிமம் அளிக்கும் பரீட்சையை நடத்துவோரோ விரிவான அறிக்கையை இன்னும் கேட்கிறார்கள்.